சிதம்பரம் கப்பலும் ஒரு தகரப் பெட்டியும்

போன வாரம் எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் வந்தது. கப்பல் படம். கீழே இப்படி எழுதியிருந்தது: "நம் நாகையில் நின்ற உல்லாசக் கப்பல் எம்.வி. சிதம்பரம்! மிதக்கும் மாளிகை! இதில் போனவர்கள் பாக்கியசாலிகள்! பகிரவும்." ஐந்து நிமிஷத்தில் இருபது கும்பிடு, பத்துப் பூங்கொத்து.

நானும் அந்தப் பாக்கியசாலிகளில் ஒருவன்தான். 1978ல் அம்மாவை அழைத்துக்கொண்டு அதில் கிள்ளானுக்குப் போனேன். ஆனால் 'மாளிகை' என்று படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய நாங்களே இப்படி எழுதினால், பேரப்பிள்ளைகள் எதை நம்புவார்கள்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ராஜுலாவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் அப்பா காலத்துக் கப்பல் அது. 1926ல் கிளாஸ்கோவில் கட்டியது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி எந்தக் கம்பெனியை எதிர்த்து நின்றாரோ, கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை நொடிக்க வைத்தது எந்தக் கம்பெனியோ, அதே கம்பெனி. பாட்டனார் ஜெயிலில் செக்கிழுத்தார். இருபது வருஷம் கழித்து அவருடைய எதிராளியின் கப்பலில்தான் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அக்கரைச் சீமைக்குப் போனார்கள். வேறு வழி இல்லை. ஊரில் வேலை இல்லை.

கட்டிய புதிதில் ராஜுலாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். யுத்தத்தின்போது பட்டாளத்துச் சிப்பாய்களை ஏற்றியது. யுத்தம் முடிந்ததும் மறுபடி இந்தத் தடத்துக்கே வந்துவிட்டது. அதே வருஷம் பிறந்த சகோதரக் கப்பல் ரோனாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டில் மூழ்கிப்போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகளும் அதில் போனார்கள்.

ராஜுலா நாற்பத்தேழு வருஷம் உழைத்தது. நாகைக் கடற்கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் அது நங்கூரம் போட்டு நிற்பது தெரியும். கரையோரம் ஆழம் போதாது. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. எல்லோரும் படகில்தான் போய் ஏற வேண்டும். "ராஜுலா வந்திருச்சு" என்று ஒரு குரல் கேட்டால் போதும். மாட்டுவண்டிக்காரரிலிருந்து இட்லிக் கடை ஆயாவரை எல்லோர் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு நன்றாக எரியும்.

அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ராஜுலாவில் வருவார். ஆறு மாதம் இருப்பார். மறுபடி போய்விடுவார். நான் அவரோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால், பள்ளிக்கூடம் முடிக்கும் வரையில் மூன்று வருஷம்கூடத் தேறாது. 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். அப்பாவும் 1970ல் அதே ராஜுலாவில் திரும்பி வந்தார். கையில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் 'நாகப்பட்டினம்' என்ற ஊர்ப்பெயரும். அந்தப் பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

1973ல் ராஜுலாவை நம் அரசுக் கப்பல் நிறுவனம் வாங்கியது. ரங்கத் என்று பெயர் மாற்றினார்கள். அடுத்த வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்ததுதான் சிதம்பரம்.

சிதம்பரத்தின் பிறப்பிடம் பிரான்ஸ். 1966ல் கட்டியபோது அதற்கு விஞ்ஞானி பாஸ்டரின் பெயரை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு ஓட்டினார்கள். அந்த ஓட்டத்தில் அதில் போகக்கூடியவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். அந்த நாளில் அது சொகுசுக் கப்பல் என்பது உண்மை. ஆனால் அதற்குள் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. ஐரோப்பாக்காரர்கள் கப்பலை விட்டு விமானத்துக்கு மாறினார்கள். ஏழு வருஷம்கூட ஆகாத கப்பலுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. நாம் வாங்கினோம். உள்ளே மாற்றிக் கட்டி, அறைகளில் சுமார் 150 பேர், அடுக்குப் படுக்கைகளில் சுமார் 1,500 பேர் என்று ஆக்கினோம். நானூறு பேருக்குக் கட்டிய வீட்டில் ஆயிரத்து அறுநூறு பேர் குடித்தனம் என்றால் எப்படி இருக்கும்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜுலாவில் பாய் விரித்துப் படுத்த அப்பாவுக்கு, சிதம்பரத்தின் பங்க் கிளாஸ் படுக்கை முன்னேற்றமாகத்தான் தெரிந்தது. "ஆளுக்கு ஒரு படுக்கையா? அடேயப்பா" என்றார். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் அக்காவை 1974ல் கிள்ளானில் கட்டிக்கொடுத்தோம். அப்பாவின் பழைய சிநேகிதர் மகன். அக்கா போனதும் சிதம்பரத்தில்தான். 1977ல் அப்பா தவறிவிட்டார். அடுத்த வருஷம் அக்காவுக்குப் பிரசவம். அம்மா ஒரே பிடியாக நின்றாள். "தம்பி, நான் போயி அவளப் பாத்தே ஆவணும்." நான் அப்போது தபால் துறையில் குமாஸ்தா. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, இரண்டு பேருக்கும் பங்க் கிளாஸ் டிக்கெட் எடுத்தேன்.

படகில் போய்க் கப்பலடியில் நின்றதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. படகு ஆளுயரத்துக்கு ஏறி இறங்குகிறது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் படிக்கட்டு ஒரு நிமிஷம் கைக்கு எட்டுகிறது, மறு நிமிஷம் தலைக்கு மேலே போகிறது. படகுக்காரர் சொன்னார்: "அம்மா, அலை தூக்குறப்ப கால வைங்க. எறங்குறப்ப வைக்காதீங்க." அதுவரை நாகூருக்கு மேல் தனியாகப் போகாத அம்மா, புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "மாரியாத்தா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் காலை வைத்தாள்.

உள்ளே எண்ணெய் நாற்றம், வெங்காய நாற்றம். நாகையிலிருந்து வெங்காயம் மூட்டை மூட்டையாக ஏறும். இரண்டாம் நாள் முழுக்க அம்மா தலை தூக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் நாகூர் பாய் வீட்டு அம்மா ஒருவர். பினாங்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். சபுராளி குடும்பம், கப்பல் அவர்களுக்குப் பழக்கம். நார்த்தங்காய் ஊறுகாயைப் பிய்த்து அம்மா வாயில் வைத்து, "சப்பிக்கிட்டே கெடம்மா, செரியாயிரும்" என்றார். மூன்றாம் நாள் இருவரும் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பினாங்கில் அவர் இறங்கும்போது அம்மா அழுதாள். வாட்ஸ்அப்பில் சொன்ன மாளிகையை நாங்கள் பார்த்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஊறுகாயை நான் எந்த மாளிகைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கிள்ளானில் துறைமுகத்துக்கு வெளியே அக்கா கைக்குழந்தையோடு நின்றாள். அம்மா குழந்தையை வாங்கவில்லை. முதலில் அக்காவின் முகத்தைத்தான் தடவிப் பார்த்தாள்.

கப்பல் வரும் நாட்களில் எங்கள் தபால் ஆபீசிலும் கூட்டம்தான். ஊரிலோ கேட்கவே வேண்டாம். கோடாலித் தைலம், கைலி, டேப்ரிக்கார்டர், சிங்கப்பூர்ச் சேலை எல்லாம் வந்திறங்கும். 'குருவி' என்று அழைக்கப்பட்ட ஆட்கள், போகும்போது வெங்காயமும் துணியும், வரும்போது எலக்ட்ரானிக் சாமானுமாகப் பறந்துகொண்டே இருப்பார்கள். நாகூர் கந்தூரிக்கு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்கா பெயரிலேயே நினைவிடங்கள் இருக்கின்றன. நம் ஊரின் ஒரு பாதி அக்கரையில் இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

1983ல் அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அடுத்த தடவை மூன்று வருஷம் கழித்து என்று பேச்சு.

1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து மதராசுக்கு வந்துகொண்டிருந்த சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது. சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் தந்தி கவுண்டரில் நின்ற முகங்களை நான் மறக்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. "ஏதாச்சும் வந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்பார்கள். இல்லை என்றால் போய் வராந்தாவில் உட்கார்ந்துகொள்வார்கள். சாயங்காலம் கவுண்டரை மூடும்போது அவர்களை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மணி எட்டு வரை திறந்தே வைத்திருந்தேன்.

அதே வருஷம் சிதம்பரத்தையும் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். வயது பத்தொன்பதுதான். அதன் இடத்துக்கு வேறு கப்பல் வரவில்லை. நாகையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கீழை நாடுகளுக்குப் போன கப்பல்களின் கதை அத்தோடு முடிந்தது.

அம்மா 1991ல் காலமானாள். கடைசியாக அக்காவைப் பார்த்தது 1983ல்தான். பிளேனில் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு, "கடல்லயாவது நீந்தலாம்டா" என்று சிரித்தாள். அக்கா வீட்டிலும் அப்போது கஷ்டம். மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்தது. தந்தி கொடுத்தேன். அக்காவால் வர முடியவில்லை. யாரைக் குறை சொல்வது? யாரையும் இல்லை.

இதைச் சொன்னால் சிலர் கேட்கிறார்கள்: "உலகம் முழுக்கக் கப்பல் போய் விமானம் வந்தது. நாகைக்கு மட்டும் ஏன் சார் இந்த அழுகை? நஷ்டத்தில் ஓட்ட முடியுமா?" நியாயமான கேள்வி. நானும் கணக்குப் பார்த்து வேலை செய்தவன்தான். சிதம்பரம் என்றைக்காவது ஒருநாள் நின்றுதான் இருக்கும். இன்றைக்கு என் பேரன் திருச்சியில் ஏறி நாலு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்குகிறான். அதை வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை.

என் வருத்தம் வேறு. விமானம் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு வரப் பல வருஷங்கள் ஆனது. நடுவில் இருந்த அந்த வருஷங்களில் ஏழைகளுக்கு ஒரு வழியும் இல்லை. பழைய பாலத்தை இடித்தால், புதுப் பாலம் வரும்வரை பரிசலாவது விடுவார்கள். இங்கே அதுகூட இல்லை. அம்மா மாதிரி எத்தனை அம்மாக்கள் அந்த இடைவெளியில் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

இன்னொரு கேள்வியும் வருகிறது: "இப்போதான் மறுபடி கப்பல் வந்துவிட்டதே?" வந்தது. 2023 அக்டோபர் 14ம் தேதி நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பலை விட்டார்கள். பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். நானும் போய்க் கைதட்டினேன். மழைக்காலம் வந்துவிட்டது என்று சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. மழை வந்தால் நிற்கிறது, பிறகு ஓடுகிறது. ஓடட்டும், நல்ல விஷயம். மனதார வாழ்த்துகிறேன். ஆனால் ராஜுலாவிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் உண்டு. ஒரு கப்பல் ஊருக்குச் சோறு போடுவது அதன் அழகால் அல்ல. சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கை இருந்தால்தான் வியாபாரி முதல் போடுவான், பெண்ணை அக்கரையில் கட்டிக்கொடுப்பான்.

சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல்கள் கிளம்புவதையும் பார்க்கிறோம். 2022ல் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய எம்ப்ரஸ் கப்பலும் 1990ல் பிரான்சில் கட்டியதுதான். சிதம்பரத்துக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் ஏறிய இடத்திலேயே திரும்ப இறக்கிவிடும் கப்பல் அது. போகிறவர்கள் சந்தோஷமாகப் போய்வரட்டும். அதையும் சிதம்பரத்தையும் ஒரே பெயரில் அழைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சிதம்பரத்தில் யாரும் உல்லாசத்துக்குப் போகவில்லை. பிழைக்கப் போனார்கள், பிள்ளையைப் பார்க்கப் போனார்கள், முடியாமல் திரும்பி வந்தார்கள்.

ஓய்வுபெற்ற கப்பல்களைப் பாதுகாக்கும் ஊர்களும் உண்டு. 1967ல் ஓய்வுபெற்ற குயின் மேரி அமெரிக்காவில் லாங் பீச் துறையில் ஹோட்டலாகவும் காட்சிக்கூடமாகவும் நிற்கிறது. 1914ல் கட்டிய டூலோஸ் என்ற கப்பலை இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் கரையேற்றி ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். நம்மால் அந்தச் செலவு செய்ய முடியாது, தெரியும். இரும்பை விற்றது தப்பில்லை. இரும்போடு சேர்த்து நினைவையும் விற்றுவிட்டோம், அதுதான் தப்பு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் எங்காவது ஓர் அறை. ராஜுலா, சிதம்பரம் படங்கள், பழைய டிக்கெட்டுகள், பாஸ்போர்ட்டுகள், பெட்டிகள். 1985 தீயில் இறந்தவர்களின் பெயர்களோடு ஒரு கல். சுனாமியில் இறந்தவர்களுக்கு நாம் நினைவிடம் கட்டி வருஷா வருஷம் பூப் போடுகிறோம். இவர்களும் நம் கடலில் போனவர்கள்தான். இவர்களுக்காக ஒரு கல் இந்த ஊரில் என் கண்ணில் பட்டதில்லை.

காலம் அதிகமில்லை. சுனாமியிலேயே எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் போய்விட்டன. அக்கா எழுதிய கடிதங்களில் பாதி எங்கள் வீட்டிலும் அன்றைக்குத்தான் கூழாகிப் போயின. மிச்சம் இருப்பது நம் தலைக்குள் இருப்பதுதான். ராஜுலாவில் டெக்கில் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் வயதானவர்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு சாவுச் செய்தி வருகிறது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள். வாசலில் மூன்று மலாயாப் பெட்டிகள். பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரப் பையனிடம், "தம்பி, இது என்ன பெட்டி தெரியுமா?" என்று கேட்டேன். "பழைய தகரம் சார், துருப்பிடிச்சிருக்கு" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவோடு வீடியோவில் பேசுகிறேன். அவளுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் அந்த வாட்ஸ்அப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா ஏணியில ஏறினத மறுபடி சொல்லு." சொன்னேன். பக்கத்தில் இருந்த அவள் பேத்தி, "அது யார் பாட்டி?" என்று கேட்டாள். அக்கா சொல்ல ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். இறக்குங்கள். துடையுங்கள். யார் கொண்டுவந்தது, எந்தக் கப்பலில், எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னால் எழுதுங்கள்.